சந்தாதாரர் கட்டிய இயக்கம்

சுயமரியாதை இயக்கத்துக்கு 2025-இல் நூற்றாண்டு கொண்டாடினார்கள். மேடை போட்டார்கள், மலர் வெளியிட்டார்கள், கருத்தரங்கம் நடத்தினார்கள். சரி, 1925-இல் அப்படி என்னதான் நடந்தது என்று கேட்டுப் பார்த்தால் பதில் கொஞ்சம் விசித்திரமாக இருக்கும். அந்த ஆண்டில் அமைப்பு மாநாடு எதுவும் கூடவில்லை. சட்டதிட்டம் எழுதி நிறைவேற்றவில்லை. சுயமரியாதைக்காரர்களின் முதல் மாகாண மாநாடு செங்கற்பட்டில் கூடியதே 1929 பிப்ரவரியில்தான். 1925-இல் நடந்தது ஒன்றே ஒன்று: மே 2-ஆம் தேதி ஈரோட்டிலிருந்து 'குடி அரசு' என்ற வாரப் பத்திரிகை வெளிவந்தது. நூற்றாண்டுக் கணக்கு அந்த இதழிலிருந்துதான் ஓடுகிறது. அதே ஆண்டு நவம்பரில், காஞ்சிபுரத்தில் கூடிய காங்கிரஸ் மாநாட்டில் வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானத்துக்கு இடம் கிடைக்காமல் பெரியார் வெளியேறிய நாளையே இயக்கத்தின் பிறந்தநாளாகக் கொள்பவர்களும் உண்டு. ஆனால் ஒரு கட்சியைவிட்டு வெளியே வருவது வேறு, இன்னொன்றைத் தொடங்குவது வேறு. காஞ்சிபுரத்திலிருந்து வெளியே வந்தவர் போய் உட்கார ஒரு திண்ணை வேண்டுமே. அது ஆறு மாதத்துக்கு முன்பே ஈரோட்டில் தயாராகியிருந்தது.

கட்சி ஏடு என்றதும் நம் மனத்தில் ஒரு வரிசை இருக்கிறது. முதலில் தலைவர், அடுத்துக் கட்சி, அதற்குக் கொடி, கொள்கை, கிளைகள். இவையெல்லாம் அமைந்த பிறகு உறுப்பினர்களுக்குச் செய்தி சொல்ல ஓர் ஏடு. கட்சியின் வாய் என்பதற்கு மேல் அந்த ஏட்டுக்கு நாம் மதிப்பளிப்பதில்லை. கடையில் தொங்கும் கட்சி நாளேட்டை எதிர்க்கட்சிக்காரர் தலைப்பை மட்டும் பார்த்துவிட்டுப் போவதும், சொந்தக் கட்சிக்காரர் வாங்கி மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொள்வதும் பழகிய காட்சிகள். 'குடி அரசு' இந்த வரிசையைத் தலைகீழாகப் புரட்டிப்போட்டது. அங்கே ஏடு முதலில் வந்தது. ஏட்டைப் படித்தவர்கள்தான் பிறகு இயக்கமானார்கள். என் வாதம் இதற்கு ஒரு படி மேலே போகிறது. உறுப்பினர் அட்டை, கிளைப் பதிவேடு, மாவட்ட அலுவலகம் என்று ஒரு கட்சி செய்யவேண்டிய வேலைகளில் பெரும்பகுதியை முதல் பத்தாண்டுகளில் இந்தப் பத்திரிகையே செய்தது. அதனால்தான், அந்த வேலையைச் செய்ய முறையான கட்சி அமைந்த பிறகு, பத்திரிகைக்கு ஆயுள் நீடிக்கவில்லை.

இந்தக் கதையின் வித்து விழுந்த இடம் கோயமுத்தூர்ச் சிறை. ஒத்துழையாமைக் காலத்தில், 1922-இல், அங்கே அடைபட்டிருந்த பெரியார் ஈ.வெ.ராமசாமியும் அவருடைய காங்கிரஸ் நண்பர் தங்கபெருமாள் பிள்ளையும் வெளியே போனதும் இரண்டு பத்திரிகைகள் நடத்துவது என்று முடிவு செய்தார்கள். ஒன்று 'குடி அரசு' என்ற வார இதழ். மற்றது 'கொங்கு நாடு' என்ற மாத இதழ். 1923 ஜனவரியில் இரண்டு பெயர்களையும் அரசாங்கத்தில் பதிவும் செய்துவிட்டார்கள். வார இதழ் வெளிவர இன்னும் இரண்டு வருடத்துக்கு மேல் பிடித்தது. மாத இதழ் வெளிவரவேயில்லை. இதைப் பெரியாரே பின்னாளில் எழுதியிருக்கிறார். வட்டாரப் பெயர் தாங்கிய இதழ் கருவிலேயே போய், மன்னராட்சிக்கு எதிர்ச்சொல்லைப் பெயராகக் கொண்ட இதழ் பிழைத்தது தற்செயலாகவும் இருக்கலாம். ஆனாலும் சிறையில் போட்ட அந்தத் திட்டத்தைப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. ஊருக்கு ஒன்று, உலகத்துக்கு ஒன்று என்று வாசகரைப் பிரித்து யோசிக்கும் வியாபாரிக் கணக்கு அதில் இருந்தது. மண்டிக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு அந்தக் கணக்கு வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

ஈரோட்டில் 'உண்மை விளக்கம்' அச்சகத்தைத் திறந்துவைத்தவர் திருப்பாதிரிப்புலியூர் ஞானியார் அடிகள். காவி கட்டிய சைவ மடாதிபதி. முதல் தலையங்கம் ஆண்டவனின் அருளை வேண்டி முடிந்தது. ஆசிரியர் பெயரோடு 'நாயக்கர்' என்ற சாதிப் பட்டமும் அச்சானது. பிற்காலத்துக் 'குடி அரசு' மட்டும் தெரிந்தவர்களுக்கு இதெல்லாம் ஏதோ எதிராளியின் கட்டுக்கதைபோலத் தோன்றும். பெரியாரை மடக்குவதற்கென்றே சிலர் இதை எடுத்துக்காட்டுவதும் உண்டு. மடக்க இதில் ஒன்றுமில்லை. ஒரு பத்திரிகை எப்படி வளர்ந்தது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது என்பேன். ஆசிரியர் பெயரிலிருந்து பட்டம் உதிர்ந்தது 1927 டிசம்பரில். சாதிப் பட்டங்களைத் துறக்கச் சொல்லிச் செங்கற்பட்டு மாநாடு தீர்மானம் போட்டது 1929-இல். மாநாட்டுக்கு ஓராண்டுக்கும் முன்பே முகப்பு முந்திக்கொண்டது. கட்சி முடிவெடுத்து ஏடு அறிவிப்பது வழக்கமான முறை. இங்கே ஏடு வாரா வாரம் ஒரு கருத்தைக் கிளப்பி, கடிதமும் மறுப்பும் வாங்கி, ஊர் ஊராகக் கூட்டங்களில் அலசவிட்டு, கடைசியில் மாநாடு அதன்மேல் முத்திரை குத்தியது.

ஏன் ஈரோடு என்ற கேள்விக்கும் இங்கே இடம் உண்டு. அன்றைய தமிழ்ப் பத்திரிகைத் தொழிலின் தலைமையிடம் சென்னை. தாலுகாத் தலைநகர் அளவுள்ள ஓர் ஊரிலிருந்து மாகாணம் முழுவதுக்கும் வாரப் பத்திரிகை நடத்துவது அசட்டுத் துணிச்சலாகத் தோன்றியிருக்கும். ஆனால் ஈரோடு ரயில் சந்திப்பு. சென்னையிலிருந்து போத்தனூர் போகும் பாதையில் திருச்சிக் கிளை பிரியும் இடம் அது. மஞ்சளும் பருத்தியும் ஜவுளியும் எந்த வழியாக வெளியூர் போயினவோ அதே வழியாகப் பத்திரிகைக் கட்டும் போனது. பதிவு செய்த பத்திரிகைகளுக்கு அஞ்சல் துறை தந்த சலுகைக் கட்டணத்தில், சந்தாதாரர் எந்தக் கிராமத்தில் இருந்தாலும் தபால்காரர் கொண்டுபோய்க் கொடுத்தார். அன்று மாகாணத்தில் ஒரு கட்சிக்கு வேறு எந்த வழியிலும் இப்படி ஒரு வலைப்பின்னல் கிடைத்திருக்காது. கிளைச் செயலாளர் இல்லாத ஊரிலும் தபால் பெட்டி இருந்தது. பணம் தீர்ந்தால் சந்தா நினைவூட்டல் போகும்; அதைப் புதுப்பித்தவர் இன்னும் நம்மோடு இருக்கிறார், புதுப்பிக்காதவர் போய்விட்டார். எந்தக் கட்சியின் உறுப்பினர் பதிவேடும் இவ்வளவு நேர்மையாக இருந்திருக்குமா என்பது சந்தேகமே. செத்தவர்கள் உறுப்பினராகத் தொடரலாம். சந்தாதாரராகத் தொடர முடியாது.

அந்த வாசகருக்கு வாரா வாரம் என்ன போய்ச் சேர்ந்தது? தலையங்கம் ஒரு பங்குதான். பெரியார் 'சித்திரபுத்திரன்' என்ற புனைபெயரில் எழுதிய கிண்டல்கள் இன்னொரு பங்கு. எமனுடைய கணக்குப்பிள்ளையின் பெயரை நாத்திகர் ஒருவர் எடுத்து வைத்துக்கொண்டு சாமிகளிடமும் ஆசாமிகளிடமும் கணக்குக் கேட்டதை வாசகர்கள் ரசித்தார்கள். இவற்றைவிட என்னை ஈர்ப்பது பின்பக்கங்களில் பொடி எழுத்தில் வந்த செய்திகள். இந்த ஊரில் இன்னார் தலைமையில் கூட்டம் நடந்தது, இன்னார் நன்றி சொன்னார், இந்த ஊரில் வாசகசாலை திறந்தார்கள், இந்தத் தம்பதி புரோகிதர் இல்லாமல் மணந்துகொண்டார்கள். 1928 மே மாதம் அருப்புக்கோட்டை அருகே சுக்கிலநத்தத்தில் நடந்த திருமணமே முதல் சுயமரியாதைத் திருமணம் என்று பெயர் பெற்றது. அத்தகைய திருமணங்களைச் சட்டம் ஏற்றுக்கொள்ள 1967-இல் அண்ணா முதல்வராகி இந்துத் திருமணச் சட்டத்தில் திருத்தம் கொண்டுவரவேண்டியிருந்தது. இடைப்பட்ட நாற்பதாண்டுகளில் 1953-இல் சென்னை உயர்நீதிமன்றம் இந்த முறைத் திருமணத்தைச் செல்லாது என்று தீர்ப்பே சொல்லிவிட்டது. அரசாங்கப் பதிவேட்டில் இடமில்லாத தம்பதிகளுக்கு அச்சில் வந்த நாலு வரிதான் சாட்சி. ஊர்ப் பெயர், மணமக்கள் பெயர், தலைமை தாங்கியவர் பெயர் எல்லாம் அதில் இருக்கும். சொந்தக்காரர்கள் ஒதுக்கிவைத்த வீட்டில் அந்த இதழை எப்படிப் பத்திரப்படுத்தியிருப்பார்கள் என்று ஊகிப்பது கடினமில்லை. அதோடு, ஏதோ ஒரு கிராமத்தில் தனியாக நின்று ஊர்க்கட்டுப்பாட்டை மீறியவருக்கு, தன்னைப் போன்றவர்கள் இன்னும் பத்து ஊரில் இருக்கிறார்கள் என்பதை அந்தப் பொடி எழுத்துத்தான் காட்டிக்கொடுத்தது. கட்சி என்பது கடைசியில் இந்த அறிவுதானே.

இங்கே ஒரு தடை எழும். 1931 கணக்கெடுப்புக் காலத்தில் சென்னை மாகாணத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர் அளவில்தான். பெண்களிடையே அதிலும் சொற்பம். பத்துப் பேரில் ஒருவர் படிக்கும் நாட்டில் ஒரு பத்திரிகை மக்கள் இயக்கத்தைக் கட்டியது என்பது படித்தவர்கள் தங்களுக்குத் தாங்களே சூட்டிக்கொள்ளும் மாலை இல்லையா? கட்டியது மேடைப் பேச்சு, பத்திரிகை அதன் நிழல் என்று சொன்னால் என்ன? தடை வலுவானதுதான். ஆனால் தனியாக உட்கார்ந்து கண்ணால் படிப்பவரை மட்டுமே வாசகர் என்று எண்ணினால்தான் அது நிற்கும். தேநீர்க் கடையிலும் முடிதிருத்தும் நிலையத்திலும் வாசகசாலைத் திண்ணையிலும் ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர்கள் கேட்பது திராவிட இயக்க ஏடுகள் பரவிய பாதை. 'குடி அரசு' நடை பேச்சு நடையாக, நீண்டு நீண்டு, கேள்வி கேட்டுக்கொண்டும் தானே பதில் சொல்லிக்கொண்டும் போவதற்கு இதுவும் ஒரு காரணம். காதுக்காக எழுதிய உரைநடை அது. மேடையைப் பொறுத்தவரை, பேச்சு ஓர் ஊரில் ஒரு மாலைப்பொழுதில் முடிந்துவிடும். அதை அடுத்த வாரம் நானூறு ஊருக்குக் கொண்டுபோனதும், பேச்சாளர் அடுத்து எந்த ஊருக்கு வருகிறார் என்று சொன்னதும் பத்திரிகைதான். ஒருவர் பேசியதை இன்னோர் ஊர்க்காரர் எடுத்துப் பேச அச்சுப் பிரதி வேண்டியிருந்தது. மேடையையும் பத்திரிகையையும் எதிரெதிராக நிறுத்துவதே தவறு. ஆனால் இரண்டில் எது இல்லாவிட்டால் மற்றது ஊரோடு நின்றுபோயிருக்கும் என்று கேட்டால் என் பதில் பத்திரிகை.

இன்னொரு தடை பணம் பற்றியது. பெரியார் வசதியுள்ள வணிகக் குடும்பத்துக்காரர், ஈரோடு நகரசபைத் தலைவராக இருந்தவர். கையில் காசிருந்தால் யாரும் பத்திரிகை நடத்தலாமே என்பார்கள். இதற்குப் பதில் பக்கத்திலேயே இருக்கிறது. ஜஸ்டிஸ் கட்சியிடம் இல்லாத பணமா? ஜமீன்தார்களும் மிராசுதார்களும் ராஜாக்களும் நிறைந்த கட்சி அது. கோவைக்காரரான ஆர்.கே.சண்முகம் செட்டியார் போன்றோர் அந்த வட்டத்தில் வளர்ந்தவர்கள். 1917-லேயே ஆங்கிலத்தில் 'ஜஸ்டிஸ்', தமிழில் 'திராவிடன்', தெலுங்கில் 'ஆந்திரப் பிரகாசிகா' என்று மும்மொழியில் ஏடுகள் வைத்திருந்தார்கள். கட்சி முதலில், ஏடு பிறகு என்ற முறையான வரிசை. அந்த ஏடுகள் கட்சிக்கு வாயாக இருந்தன, காதாக இருக்கவில்லை. சட்டசபையில் என்ன பேசினோம், எந்த உத்தியோகத்தில் எத்தனை பேர் என்ற செய்திகள் தாலுகாக் கச்சேரி வாசல் வரை போய் நின்றுவிட்டன. கடைசியில் 'திராவிட'னை நடத்தும் பொறுப்பையே பெரியாரிடம் கொடுத்துப் பார்த்தார்கள். 1937 தேர்தலில் அந்தக் கட்சி மண்ணைக் கவ்வியதும், தலைமையேற்கச் சிறையிலிருந்த பெரியாரைத் தேடிப் போனதும் தெரிந்த கதை. பணமும் பதவியும் உள்ள கட்சி, வாசகர் கூட்டத்தை வைத்திருந்தவரிடம் வந்து சேர்ந்தது.

பத்திரிகையே கட்சியைக் கட்டும் என்பதைக் கோட்பாடாகவே எழுதிவைத்தவர் லெனின். 1900-இல் வெளிநாட்டில் அச்சாகி ருஷ்யாவுக்குள் கள்ளத்தனமாகப் போன 'இஸ்க்ரா'வை மனத்தில் வைத்து, ஏடு என்பது கட்டடத்தைச் சுற்றி எழுப்பும் சாரம்போன்றது என்று அவர் விளக்கினார். ஏட்டை விநியோகிப்பவர்களின் வலையே கட்சியின் எலும்புக்கூடாகும் என்பது கருத்து. இதைப் படித்துவிட்டுப் பெரியார் 'குடி அரசு' தொடங்கியதாகச் சொல்ல எந்த ஆதாரமும் கிடையாது. சோவியத் நாட்டை அவர் பார்த்ததே 1932-இல். ருஷ்யாவில் ஜாரின் போலீசுக்குப் பயந்து செய்த ஏற்பாட்டை ஈரோட்டில் ஒருவர் மண்டி வியாபாரப் பழக்கத்திலிருந்தே கண்டுகொண்டார் என்பதுதான் வியப்பு. இருவருக்கும் ஒரு பெரிய வேறுபாடும் உண்டு. லெனினுக்கு ஏடு ஒரே கொள்கையில் ஆட்களை இறுக்கிக் கட்டும் கயிறு. 'குடி அரசு' அப்படி இறுக்கிக் கட்டவில்லை. கம்யூனிஸ்ட் கட்சி அறிக்கையின் தமிழாக்கம் 1931-இல் அதில்தான் தொடராக வந்தது. சிங்காரவேலர் அறிவியலும் பொதுவுடைமையும் எழுதினார். அம்பேத்கர் 1936-இல் வெளியிட்ட சாதி ஒழிப்பு உரை வெகு சீக்கிரத்தில் அதன் பக்கங்களில் தமிழில் வந்தது. வைக்கம் போராட்டத்துக்கும் கதருக்கும் பேர்போன கோவை அய்யாமுத்து போன்று, காங்கிரஸோடும் உறவை விடாதவர்களும் அதில் எழுதினார்கள்.

அரசாங்கத்துக்கு இந்தப் பத்திரிகையின் பலம் நன்றாகவே தெரிந்திருந்தது. 1933 அக்டோபர் கடைசியில், அன்றைய ஆட்சி ஏன் ஒழியவேண்டும் என்று காரணம் அடுக்கிய தலையங்கம் ஒன்று வந்தது. ராஜதுவேஷக் குற்றம் என்று வழக்குப் போட்டார்கள். டிசம்பரில் கைது செய்யப்பட்டவர்கள் இருவர்: எழுதிய பெரியார், பத்திரிகையின் பதிப்பாளராகப் பதிவாகியிருந்த அவருடைய தங்கை எஸ்.ஆர்.கண்ணம்மாள். அன்று நடப்பிலிருந்த 1867-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு பத்திரிகைக்கும் அச்சிடுபவர், வெளியிடுபவர் பெயரை அரசிடம் உறுதிமொழியாகக் கொடுத்தாக வேண்டியிருந்தது. வழக்கு வந்தால் முதலில் அந்தப் பெயர்தான் மாட்டியது. வீட்டுப் பெண் பெயரில் சொத்து எழுதிவைப்பது நம் ஊர் வழக்கம். ஜெயில் வாசலை எழுதிவைத்தது அநேகமாக இந்த வீட்டில்தான். 1979-இல் தனி மாவட்டமாகப் பிரியும்வரை ஈரோடு கோயமுத்தூர் மாவட்டத்துக்குள் இருந்தது. ஆகவே வழக்கு கோவையில் நடந்தது. 1934 ஜனவரியில் அண்ணனுக்கும் தங்கைக்கும் வெறுங்காவல் தண்டனையும் அபராதமும் விதித்தார்கள். பத்திரிகை நடத்தலாம் என்று எந்தச் சிறையில் முடிவானதோ அந்தக் கோவைச் சிறைக்கே பத்திரிகை அவரைத் திரும்பக் கொண்டுவந்து சேர்த்தது. பிறகுதான் ராஜமுந்திரிக்கு மாற்றினார்கள்.

அந்தத் தலையங்கத்துக்குப் பிறகு 'குடி அரசு' தற்காலிகமாக நின்றதும் என்ன நடந்தது என்பதில்தான் என் வாதத்துக்குப் பலமான சான்று இருக்கிறது. 1933 நவம்பரிலேயே 'புரட்சி' என்ற வார இதழ் வெளிவந்தது. அதற்கும் நெருக்கடி வந்தபோது 'பகுத்தறிவு' வந்தது. அது நாளேடாகவும் வார ஏடாகவும் பின்பு மாத ஏடாகவும் உருமாறியது. 1935 ஜனவரியில் 'குடி அரசு' மறுபடி தலைகாட்டியது. பெயர் மாறினாலும் அச்சகம், எழுதுபவர்கள், முகவரிப் பட்டியல் எல்லாம் அதே. சர்க்கார் ஒரு பெயரை முடக்கினால் இன்னொரு பெயரில் அதே வீடுகளுக்கு அதே கிழமையில் கட்டுப் போனது. மூடும்படி உத்தரவு போட ஒரு பத்திரிகை கிடைத்தது. கலைக்கும்படி உத்தரவு போட ஒரு கட்சி கிடைக்கவில்லை, ஏனென்றால் கட்சி இருந்தது அந்த முகவரிப் பட்டியலில்.

மீண்டும் வந்த 'குடி அரசு' தன் எழுத்துப் பெட்டியையே மாற்றிக்கொண்டு வந்தது. லை, ளை, ணை, னை ஆகியவற்றை அதுவரை யானைத் துதிக்கைபோல ஒரு சுழியை முன்னால் போட்டு எழுதினார்கள். ணா, றா, னா போன்றவற்றுக்கும் தனிச் சுழிகள். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுக்கும் அச்சுக்கோப்பவருக்கு ஒவ்வொரு விசித்திர வடிவமும் தனி அறை, தனிச் செலவு. மற்ற எழுத்துகளுக்குப் போடும் அதே காலையும் அதே இரட்டைச் சுழியையும் இவற்றுக்கும் போட்டால் என்ன என்று பதின்மூன்று எழுத்துகளை அந்தப் பத்திரிகை திருத்திக்கொண்டது. புலவர்கள் முகம் சுளித்தார்கள். இயக்க ஏடுகள் மட்டும் நாற்பத்து மூன்று ஆண்டுகள் அப்படியே அச்சிட்டன, 1978-இல் எம்.ஜி.ஆர். அரசு ஆணை போட்டதும் தமிழ்நாடே அதற்கு மாறியது. ஒரு கட்சிப் பத்திரிகையின் அச்சகச் சிக்கனம் பாடநூல் எழுத்தான கதை உலகத்தில் வேறெங்கும் நடந்திருக்குமா தெரியாது. 'குடி அரசு' பெயரைக் கேட்டாலே எரிச்சலடைபவரும் அந்த எரிச்சலை அதன் எழுத்தில்தான் எழுதவேண்டும்.

இத்தனை சொல்லிவிட்டு, பத்திரிகை சறுக்கிய இடத்தை மறைத்தால் நியாயமாகாது. பகத்சிங் நாத்திகம் பற்றி எழுதிய கட்டுரையை ஜீவானந்தம் தமிழாக்க, ஈரோட்டு அச்சகம் வெளியிட்டது. அதற்காக ஜீவாவும் பெரியாரின் அண்ணன் ஈ.வெ.கிருஷ்ணசாமியும் வழக்கில் மாட்டினார்கள். அரசாங்கத்திடம் வருத்தம் தெரிவித்து விடுபடும் வழியைப் பெரியார் தேர்ந்தார். பொதுவுடைமைப் பிரச்சாரத்தையும் 1935-இல் சுருக்கிக்கொண்டார். சமூகச் சீர்திருத்த வேலையைக் காப்பாற்ற எடுத்த முடிவு என்று அதற்கு விளக்கம் உண்டு. ஜீவாவையும் அவரைச் சேர்ந்தவர்களையும் அந்த விளக்கம் திருப்திப்படுத்தவில்லை. அவர்கள் பிரிந்து போனார்கள். போனவர்கள் முதலில் செய்த காரியங்களில் ஒன்று, 1937-இல் 'ஜனசக்தி' தொடங்கியது. அதாவது பிரிவினையும் பத்திரிகை வழியாகவே நடந்தது. கோவை ஆலைத் தொழிலாளிகளிடையே செங்கொடி இயக்கம் வளர்ந்த ஆண்டுகளில் அவர்களுக்குக் கிடைத்த ஏடு அது.

அடுத்த தலைமுறையும் இதே பாடத்தைத்தான் ஈரோட்டில் படித்தது. 1930-களின் கடைசியில் அண்ணா அங்கே தங்கி 'விடுதலை'யிலும் 'குடி அரசு'விலும் வேலை பார்த்தார். 1940-களின் நடுவில் கருணாநிதி 'குடி அரசு' துணை ஆசிரியர். இருவரும் கட்சி வேலை கற்றது கிளை அலுவலகத்தில் இல்லை, அச்சு மையின் வாசத்தில். அண்ணா 1942-இல் காஞ்சிபுரத்தில் 'திராவிட நாடு' தொடங்கினார். அதே ஆண்டு ஆகஸ்டில் திருவாரூரில் துண்டறிக்கையாகப் பிறந்தது 'முரசொலி'. 1944-இல் சேலம் மாநாட்டில் ஜஸ்டிஸ் கட்சி திராவிடர் கழகமாகியபோது, பெயரும் விதியும் தலைவரும் கொண்ட முறையான அமைப்பு முதல் தடவையாகக் கைக்கு வந்தது. அதற்குள் நாளேடான 'விடுதலை' இருந்தது. 'குடி அரசு' இப்போது பல ஏடுகளில் ஒன்று. வாசகர் கூட்டமும் ஒன்றாக இல்லை. 1947 ஆகஸ்ட் 15-ஐத் துக்க நாள் என்றார் பெரியார். இன்ப நாள் என்று 'திராவிட நாடு' எழுதினார் அண்ணா. ஒரே கழகத்தின் இரண்டு ஏடுகள் எதிரெதிராக நின்றன. 1949 ஜூலையில் பெரியார் மணியம்மையாரை மணந்தபோது எழுந்த கசப்பு முழுவதும் அச்சில்தான் கொட்டியது. மனம் நொந்த தொண்டர்களின் பெயர்களைத் தாங்கி 'திராவிட நாடு' வந்தது. அவர்களுக்குக் 'கண்ணீர்த் துளிகள்' என்று பெரியார் பட்டம் சூட்டினார். யார் எந்தப் பக்கம் என்பதை எண்ணிப் பார்க்க அப்போதும் பத்திரிகைப் பக்கமே உதவியது. செப்டம்பர் 17-இல் தி.மு.க. பிறந்தது. நவம்பரில் 'குடி அரசு' நின்றுபோனது.

நாளேடு இருக்கையில் வார ஏடு எதற்கு, செலவுதானே, அதற்குமேல் இதில் அர்த்தம் தேடவேண்டாம் என்று சொல்லலாம். செலவுக் கணக்கை நான் மறுக்கவில்லை. பெரியாருக்குக் கணக்கு முக்கியம். ஆனால் நாளேடு செய்யும் வேலை வேறு. 'விடுதலை' அன்றன்றைய அரசியலுக்குப் பதில் சொன்னது. சொல்ல வேண்டியதைத் தலைமை முடிவு செய்தது. இன்னும் முடிவாகாததைப் பேசுவதற்கு இருந்த இடம் 'குடி அரசு'. அமைப்பு வந்துவிட்டது, எதிரிக் கழகமும் வந்துவிட்டது. இனி முடிவாகாததைப் பேச இரு பக்கத்திலும் யாருக்கும் பொழுதில்லை. அண்ணா தம்பிகளுக்கும் கருணாநிதி உடன்பிறப்புகளுக்கும் எழுதிய கடிதங்கள் அருமையான உரைநடை. வாசகரைப் பெயர் சொல்லாமலே தொட்டு அழைப்பவை. ஆனால் கடிதம் ஒரு கையிலிருந்து பல கைகளுக்குப் போகிறது. 'குடி அரசு' பின்பக்கத்துப் பொடிச் செய்தி பல கைகளிலிருந்து பல கைகளுக்குப் போயிற்று. இன்று கோவையிலோ திருப்பூரிலோ ஒரு வட்டச் செயலாளரின் செல்பேசியில் தலைமையின் அறிக்கை நிமிடத்தில் வந்து விழுகிறது. மேலே திருப்பி அனுப்ப வழியுள்ள குழு அரிது. கட்டைவிரல் படம் ஒன்று போடலாம்.

நின்றுபோன பத்திரிகை யாருடைய சொத்து என்ற கேள்வி அறுபதாண்டு கழித்து நீதிமன்றத்துக்கு வந்தது. கொளத்தூர் மணி, கோவை ராமகிருட்டிணன் முதலியோர் நடத்திய பெரியார் திராவிடர் கழகம், 1925 முதல் 1938 வரையிலான 'குடி அரசு' எழுத்துகளைத் திரட்டி 27 தொகுதிகளாக வெளியிட முனைந்தது. காப்புரிமை எங்களுடையது என்று திராவிடர் கழகத் தரப்பு தடை கேட்டது. இருவருமே பெரியாரின் வாரிசு என்று தம்மைச் சொல்லிக்கொள்பவர்கள். 2009-இல் நீதிபதி கே.சந்துரு தடை தர மறுத்தார்; மறு ஆண்டு மேல்முறையீட்டிலும் அது நிலைத்தது. பெரியார் தம் எழுத்தின் உரிமையை அந்தத் தரப்பின் நிறுவனத்துக்கு மாற்றிக் கொடுத்ததற்குச் சான்று காட்ட முடியவில்லை. வீடு, நிலம், அச்சகம் எல்லாவற்றுக்கும் பத்திரம் எழுதிவைத்த கணக்குக்காரர், தலையங்கங்களுக்கு மட்டும் எழுதிவைக்கவில்லை. அந்த 27 தொகுதிகள் இன்று யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளும் கோப்புகளாகக் கிடைக்கின்றன. கட்டுரைகளும் தலையங்கங்களும் ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கின்றன. பின்பக்கத்துக் கூட்டச் செய்திகளையும் கல்யாண அறிவிப்புகளையும் தேடுபவர் மூல இதழ்கள் இருக்கும் நூலகத்துக்குத்தான் இன்னமும் போகவேண்டும்.